குதிரைக்கும் ஒரு ஓட்டு உண்டு!

நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிற ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்குள்ளும் ஒரு குதிரை கட்டிப் போடப்பட்டிருக்கிறது. மாசக் கடைசியில், மேனேஜர் ரூமிலிருந்து 'அர்ச்சனை' முடிந்து வெளியே வரும்போது அது லேசாகக் கனைக்கும். "போதும்டா இந்தப் பிழைப்பு! ஏறு மேலே. புழுதி பறக்க ஒரே ஓட்டம்..." என்று ஆசை காட்டும். அதற்குள் டெலிபோன் அடிக்கும். குதிரை படுத்துவிடும்.

இந்தக் குதிரையை நமக்குள் கொண்டு வந்து கட்டியது யார்? என்னைக் கேட்டால், பாதிப் பழி 'மெக்கன்னாஸ் கோல்ட்' படத்துக்குத்தான். 1969-ல் வந்தது. கிரிகரி பெக், ஓமர் ஷெரீஃப். நம் நாட்டில் அது ஓடு ஓடென்று ஓடியது. அப்பாக்கள் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். பிள்ளைகள் வளர்ந்து டி.வி.யில் பார்த்தார்கள். பாலைவனம், பள்ளத்தாக்கு, நடுவில் ஊசி மாதிரி ஒரு பாறைத் தூண். விடிகாலைச் சூரியனில் அதன் நிழல் நீண்டு போய்த் தங்கம் இருக்கும் வழியைக் காட்டும். கடைசியில் மலையே சரிய, ஹீரோ மட்டும் தன் சேணப் பைக்குள் தங்கம் இருப்பது தெரியாமலே குதிரையில் போய்க் கொண்டிருப்பார்.

அந்தத் தூண் செட்டு இல்லை, ஸ்வாமி. நிஜம். அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. பெயர் ஸ்பைடர் ராக். உயரம் 750 அடிக்குக் குறையாது. நம்ம அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டிடத்தை ஒன்றன் மேல் ஒன்றாக நாலு அடுக்கினாலும் உச்சி எட்டாது. அது நிற்கிற இடம் கேன்யன் டி ஷே. தேசிய நினைவிடம் என்று பாதுகாக்கப்படுகிற பள்ளத்தாக்கு. ('டி செல்லி' என்று எழுதுவார்கள். 'டி ஷே' என்று சொல்ல வேண்டும். நவஹோ மொழியில் 'செயி' என்றால் பாறைப் பள்ளத்தாக்கு. ஸ்பானியர்கள் அதைக் காதில் வாங்கிய லட்சணத்தில் இப்படி ஆகிவிட்டது. ஆக மொத்தம் 'பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். நாம் 'நடு சென்டர்' என்று சொல்லவில்லையா, அந்த மாதிரி.)

இந்தப் பள்ளத்தாக்குக்குள் குதிரையில் போகலாம். போவதற்கு என் கல்லூரி நண்பன் ஒருவன் பிளான் போட்டிருக்கிறான். ஃபீனிக்ஸ் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். போட்ட பிளானை எக்ஸெல் ஷீட்டில் அனுப்பி, "மாப்ளே, நீ பி.காம். படிச்சவன். கொஞ்சம் ஆடிட் பண்ணிக் குடு" என்றான். நான் அங்கே போனதில்லை. அதனால் என்ன? ஃபேக்டரியை ஆடிட் பண்ணுகிறவர் மெஷின் ஓட்டத் தெரிந்தா கையெழுத்துப் போடுகிறார்? படித்தேன், விசாரித்தேன், கணக்குப் பார்த்தேன்.

பிளான் இதுதான்: 'தேதி: ஜூலை 4 லீவு. ஆள் 4, குதிரை 4. குதிரை: ஃபீனிக்ஸ் பக்கம் சல்லிசாகக் கிடைக்கிறது, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு போகலாம். வழிகாட்டி: தேவையில்லை, ஜி.பி.எஸ். இருக்கிறது. தூரம்: ஒரே நாளில் 40 மைல். சாயங்காலம்: பாறை நிழலில் ரெஃப்ரெஷ்மென்ட்.' (இந்தக் கடைசி வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் படம்.)

சிவப்பு மை எடுத்தேன்.

* * *

முதலில் 'ஆள் 4, குதிரை 4.' பார்க்க டேலி ஆகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எடை என்று ஒரு காலமே ஷீட்டில் இல்லை.

குதிரைக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏற்றக் கூடாது. நடுத்தரமான குதிரை 450 கிலோ என்று வையுங்கள். 20 சதவிகிதம் 90 கிலோ. 'அப்பாடா, நான் 88 தானே' என்று காலைத் தூக்காதீர்கள். 90 என்பது கிராஸ். பிடித்தம் போகத்தானே நெட்? கௌபாய் பாணிச் சேணம், ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே 15 கிலோ சொச்சம் பிடித்துக் கொள்ளும். தண்ணீர், சாப்பாடு, பூட்ஸ், தொப்பி, காமிரா 5 கிலோ. கைக்கு வருவது 70 கிலோ. சம்பள ஸ்லிப்பைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புரியாததா என்ன?

இது தோராயமான கணக்கு. பெரிய குதிரை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், வயசான குதிரை குறைவாகத்தான் தாங்கும். குதிரை வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்கென்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். புக் பண்ணும்போதே எடை கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயசைக் கூட்டிக் குறைத்துச் சொல்வோமே, அந்த வேலை இங்கே ஆகாது. அதே அரிஸோனாவில், கிராண்ட் கேன்யனில் கோவேறு கழுதை மேல் ஏறிப் பள்ளத்தாக்கின் அடி வரைக்கும் போகிற சவாரி இருக்கிறது. அங்கே ஆளைத் தராசில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் கழுதையில் ஏற்றுகிறார்கள். உடுப்போடு சேர்த்து 200 பவுண்டு, அதாவது 90 கிலோ சொச்சம், தாண்டினால் 'போய் வாருங்கள்' என்றுவிடுவார்கள்.

நண்பனுக்கு போன் போட்டு, "உன் வெயிட் என்னடா?" என்றேன்.

"தொண்ணூத்தி நாலு. பரவாயில்லடா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"யார் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்?"

"..."

விஷயமே இதுதான். கார் வாடகைக்கு எடுத்தால் அது அசையும் சொத்து. குதிரையும் அசையும் சொத்துதான். ஆனால் தன் இஷ்டத்துக்கு அசையும் சொத்து. நின்றபடியே தூங்கும் என்றாலும் அது ஸ்லீப்பிங் பார்ட்னர் கிடையாது. முதுகு வலித்தால் நிற்கும். பயந்தால் ஓடும். பிளானில் அதற்கு ஒரு ஓட்டு ஒதுக்கி வைக்காவிட்டால், நட்டநடுப் பள்ளத்தாக்கில் அது தன் ஓட்டைப் போடும்.

40 மைல் விஷயமும் அப்படித்தான். குதிரை நடக்கிற வேகம் மணிக்கு சுமார் 4 மைல். 40 மைல் என்றால் சேணத்தில் 10 மணி நேரம். முதல் தடவை ஏறுகிறவனுக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. தொடையின் உட்பக்கத்துக்கு தேய்மானம் நூறு சதவிகிதம். மறுநாள் ஆபீஸில் நாற்காலியைப் பார்த்தாலே அழுகை வரும். மணிக்கணக்கைக் குறைத்துக் கொண்டால் மரியாதையாகத் திரும்பலாம்.

* * *

அடுத்து, தேதி.

இந்தப் பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கிற ஊர் சின்லி. ஃபீனிக்ஸிலிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம். ஊர்ப் பெயருக்கு நவஹோ மொழியில் என்ன அர்த்தம் தெரியுமா? 'தண்ணீர் வெளியே பாய்கிற இடம்.' பெயரிலேயே எச்சரிக்கை போர்டு வைத்திருக்கிறார்கள்.

சவாரிப் பாதை என்று தனியாக ஒன்று இல்லை. பள்ளத்தாக்கின் தரைதான் பாதை. அந்தத் தரைதான் ஆற்றுப் படுகையும். வாசலில் சுவர் 30 அடிதான் இருக்கும். உள்ளே போகப் போக வளர்ந்து வளர்ந்து 1,000 அடி ஆகிவிடும். மேலே வானம் ஒரு ரிப்பன். வெளியேறுகிற வழி, நீங்கள் வந்த அதே வழி.

வசந்த காலத்தில் மலைப்பனி உருகித் தண்ணீர் ஓடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கேயும் பருவமழை. 'மான்சூன்' என்றே சொல்கிறார்கள். நம்மூர் மழை மாதிரி மணிக்கணக்கில் நசநசக்காது. மத்தியானத்துக்கு மேல் திடீரென்று இருட்டிக் கொண்டு கொட்டிவிட்டுப் போய்விடும். பாறைத் தரையில் தண்ணீர் இறங்காது. அத்தனையும் பள்ளத்தாக்குக்குள் பாயும். விசேஷம் என்னவென்றால், உங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலே இருக்கலாம்.

1997-ம் வருஷம் ஆகஸ்ட் 12-ம் தேதி, அதே அரிஸோனாவில், அதே நவஹோ நிலத்தில், ஆன்டிலோப் கேன்யன் என்கிற குறுகலான பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகள் இறங்கியிருந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, மைல் கணக்கில் தள்ளி மேட்டில். வெள்ளம் மட்டும் வந்தது. 11 பயணிகள் போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பிழைத்தது கூட்டிப் போன வழிகாட்டி ஒருவர்தான்.

நம்மூரில், 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பார்கள். அங்கே கொஞ்சம் மாற்றிக் கொள்ள வேண்டும்: மண்ணை நம்பிக் குதிரையோடு ஆற்றில் இறங்காதே. வெள்ளம் வடிந்த பிறகும் சில இடங்களில் புதைமணல் இருக்கும். பார்க்க சாதுவான ஈர மணல் மாதிரிதான் தெரியும். போன வாரம் கெட்டியாக இருந்த இடம் இந்த வாரம் ஆளை விழுங்கும். ஜி.பி.எஸ்.ஸுக்கு இதெல்லாம் தெரியாது.

சுற்றிலும் சுமார் 5,500 அடி உயரத்தில் இருக்கிற பீடபூமி. கோடையில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் கையில் வேண்டும். ஆகவே ஜூலையை அடித்துவிட்டு அக்டோபர் என்று எழுதினேன். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகிப் பொன்னாக நிற்கும். மெக்கன்னாவின் தங்கத்தைவிட அது நிச்சயமான தங்கம். ராத்திரி குளிரும். ஸ்வெட்டர் அவசியம்.

இன்னொரு கூத்து, கடிகாரம். அமெரிக்காவில் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பரில் பின்னால் இழுத்துக் கொள்வார்கள். அரிஸோனா, 'இருக்கிற வெயிலே போதும், எங்களுக்கு வேண்டாம்' என்று ஒதுங்கிவிட்டது. ஆனால் அரிஸோனாவுக்குள் இருக்கிற நவஹோ நாடு கடிகாரத்தைத் தள்ளும். நவஹோ நிலம் சூழ நடுவில் இருக்கிற ஹோப்பி மக்களின் நிலத்தில் தள்ள மாட்டார்கள்! மேற்கேயிருந்து ஹோப்பி ஊர்கள் வழியாக சின்லிக்கு காரில் போனால், ஒரே மாநிலத்துக்குள் மணி மூன்று தடவை மாறும். செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். 'காலை 9 மணிக்கு ரிப்போர்ட்' என்றால் 'யார் 9 மணி?' என்று கேட்டு வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம். குதிரை சரியாக வந்து நிற்கும். நீங்கள்தான் ஒரு மணி நேரம் லேட்டாகப் போய் நிற்பீர்கள்.

பாட்டில் படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி போட்டேன். நவஹோ நிலத்தில் மது விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். போதையில் குதிரை ஏறுவதைப் பற்றிக் குதிரைக்கும் தனியாக அபிப்பிராயம் உண்டு.

* * *

இனி முக்கியமான அயிட்டம். 'வழிகாட்டி தேவையில்லை. குதிரை வெளியிலிருந்து.' நண்பன் பெரிதாக மிச்சம் பிடித்திருப்பதாக நினைத்துக் கொண்டிருக்கிற இடம்.

பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் கார் ரோடு இருக்கிறது. எட்டிப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்பைடர் ராக்கையும் மேலிருந்தே பார்க்கலாம். ஆனால் உள்ளே இறங்கிச் சவாரி போக, எந்தக் குதிரையில் போனாலும் சரி, நவஹோ வழிகாட்டி கூட வர வேண்டும். காரணம், அது பார்க் மட்டும் இல்லை. வீடு.

சினிமாவில் அந்தப் பள்ளத்தாக்கு காலியாக இருக்கும். நிஜத்தில் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. கோடையில் சோளம் போடுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், பீச் பழத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மேலே ஏறிவிடுகிறார்கள். ஸ்பைடர் ராக் அவர்களுக்கு 'சிலந்திப் பாட்டி'யின் இருப்பிடம். தறி நெய்யக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். (சொன்னபடி கேட்காத குழந்தைகளைத் தூக்கிப் போய்விடுவாளாம். தூணின் உச்சி வெள்ளையாக இருப்பது அந்தக் குழந்தைகளின் எலும்பாம். பூச்சாண்டி இல்லாத ஊர் உண்டா?)

அந்த வீட்டுக்குள் குதிரையில் வந்தவர்களின் சரித்திரம் கொஞ்சம் பயங்கரமானது.

குதிரையே அமெரிக்காவில் தோன்றிய பிராணிதான். சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே அடியோடு அழிந்து போனது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டு வந்து இறக்கியதுதான் மறு வரவு. நவஹோ மக்கள் குதிரையைப் பிடித்துக் கொண்டார்கள். ஆடும் குதிரையும்தான் அவர்கள் பேங்க் பாலன்ஸ். பள்ளத்தாக்கின் ஒரு கிளையில், பாறைச் சுவரில், துப்பாக்கியோடு வரிசையாக வருகிற ஸ்பானியக் குதிரைப் படையை நவஹோ ஓவியர் வரைந்து வைத்திருக்கிறார். 1805-ல் நிஜமாகவே வந்த படை. குகையில் ஒளிந்திருந்தவர்களைச் சுட்டது. படைத் தலைவனின் ரிப்போர்ட்டில் செத்தவர்கள் 115 பேர், பெரும்பாலும் போர் வீரர்கள். நவஹோ மக்கள் சொல்வது வேறு: ஆண்கள் வேட்டைக்குப் போயிருந்தார்கள், குகையில் இருந்தது பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும்.

1864 ஜனவரியில் அமெரிக்கப் படை வந்தது, கிட் கார்ஸன் என்பவர் தலைமையில். சண்டை போடுவதை விட சுலபமான வழி ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சோளத்தைக் கொளுத்துவது, வீட்டைக் கொளுத்துவது, ஆட்டையும் குதிரையையும் பிடிப்பது, கொல்வது. அதே வருஷம் இன்னொரு படைப் பிரிவு வந்து ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டிச் சாய்த்தது. பீச் மரம் யாரையும் சுட்டதாகத் தகவல் இல்லை.

பட்டினி. சரணடைந்தார்கள். ஒரு கூட்டம் மட்டும், சுமார் 300 பேர், கோட்டைப் பாறை என்கிற செங்குத்துப் பாறையின் மேல் ஏறி ஒளிந்து கொண்டது. கீழே சிப்பாய்கள் தூங்கும்போது, ராத்திரியில் கைக்குக் கை மாற்றித் தண்ணீர் ஏற்றிப் பிழைத்தார்கள் என்று பேரப் பிள்ளைகளுக்குப் பேரப் பிள்ளைகள் சொல்லி வருகிறார்கள். மற்றவர்களை நடத்தியே கூட்டிப் போனார்கள். 8,000 பேருக்கு மேல். 300 மைலுக்கு மேல். நியூ மெக்ஸிகோவில் பாஸ்கே ரெடோண்டோ என்கிற பொட்டல். வழியில் நூற்றுக்கணக்கானவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் அதைவிட அதிகமானவர்கள் செத்தார்கள். தண்ணீர் உப்பு. போட்ட பயிரைப் பூச்சி தின்றது.

நாலு வருஷம். 1868-ம் வருஷம் ஜூன் 1-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவஹோக்களுக்காகப் பேசியவர்களில் முதன்மையானவர் பார்போன்சீட்டோ. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர். வேறு இடத்துக்கு அனுப்புகிறோம் என்று ஆசை காட்டியபோதும், ஊருக்குத்தான் போவோம் என்று நின்றார். போனார்கள். துரத்தப்பட்ட பழங்குடிகள் சொந்த மண்ணுக்கே திரும்பியது அந்த நாட்டுச் சரித்திரத்தில் அபூர்வம். ஒப்பந்தத்தில் அவர்களுக்கு 15,000 செம்மறியும் வெள்ளாடும் வாங்கித் தருவதாக ஒரு ஷரத்து உண்டு. பீச் மரத்தை அவர்களே மறுபடி வைத்துக் கொண்டார்கள்.

இனிமேல்தான் என் போன்ற பி.காம். ஆசாமி நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம். 1931-ல் இந்தப் பள்ளத்தாக்கைத் தேசிய நினைவிடம் ஆக்கினார்கள். ஏறக்குறைய 84,000 ஏக்கர். பராமரிப்பில் அரசாங்கத்தின் பார்க் இலாகாவுக்குப் பங்கு உண்டு. நிலம் முழுக்க நவஹோக்களுடையது. அதற்காக இயற்றிய சட்டத்தைப் படித்துப் பார்த்தால், நிலத்தில் அவர்களுடைய உரிமை எதுவும் குறையாது என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு வரி வருகிறது: பார்வையாளர்களுக்குச் சவாரிப் பிராணிகள் தருவதில் நவஹோ மக்களுக்கே முன்னுரிமை.

குதிரை வாடகை! நாட்டின் பார்லிமென்ட் உட்கார்ந்து, சட்டத்தில் குதிரை வாடகையை எழுதி வைத்திருக்கிறது. எந்த மக்களின் குதிரைகளை 1864-ல் பிடித்துக் கொண்டு போனார்களோ, வெளியாளுக்குக் குதிரை தருவதில் அதே மக்களுக்கே முன்னுரிமை என்று 67 வருஷம் கழித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அந்த வாடகையைத்தான்டா நீ மிச்சம் பிடிக்கப் பார்க்கிறே" என்றேன் நண்பனிடம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டிரெய்லரை கேன்சல் பண்ணிடறேன்" என்றான்.

* * *

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். (போகாதவர்கள் கொடைக்கானல் ஏரிக்கரையில் பயன்படுத்திக் கொள்ளலாம்.)

சின்லியில் பார்க்கின் தகவல் மையம் இருக்கிறது. அனுமதி பெற்ற வழிகாட்டிகள், குதிரைக்காரர்கள் யார் யார் என்று அங்கே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம். முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. எத்தனை மணி நேரம், குதிரைக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கு எவ்வளவு, எடை வரம்பு என்ன, ரொக்கமா கார்டா, மழை வந்து ரத்தானால் என்ன கணக்கு... எல்லாவற்றையும் போனிலேயே முடித்துக் கொள்ளுங்கள். 'இன்றைக்கு உள்ளே போக வேண்டாம்' என்று வழிகாட்டி சொன்னால் பேரம் பேசாதீர்கள்.

பழைய ஜீன்ஸ், முழுக்கால். உட்பக்கத் தையல் தடிமனாக இருந்தால் அதுவே ரம்பம். செருப்பு கூடாது. லேசாகக் குதிகால் வைத்த ஷூ நல்லது. கால் வைக்கிற அங்கவடிக்குள் பாதம் முழுசாக நுழைந்து மாட்டிக் கொள்ளாமல் அந்தக் குதிகால்தான் தடுக்கும். விழுந்தால்கூடப் பிழைக்கலாம், கால் மாட்டிக் கொண்டு இழுபடுவதுதான் ஆபத்து. தலைக்கு ஹெல்மெட் கிடைக்குமா என்று கேளுங்கள். தொப்பி என்றால் தாடையில் கயிறு கட்டுங்கள். பறக்கிற தொப்பி, படபடக்கிற பாலிதீன் பை, சரசரக்கிற மழைக் கோட்டு, இதெல்லாம் குதிரைக்குப் பேய்.

பின்பக்கமாகப் போய் நிற்காதீர்கள். குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டமும் தெரியும். தெரியாத இடம் இரண்டு: நேர் பின்னால், மூக்குக்கு நேர் முன்னால். இடது பக்கத் தோளருகே போங்கள், பேச்சுக் கொடுங்கள், கழுத்தைத் தடவுங்கள். பிறகு இடது பக்கமாகவே ஏறுங்கள். (அந்தக் காலத்து வீரர்கள் இடுப்பின் இடது பக்கம் வாள் தொங்க விட்டிருந்ததால் வந்த வழக்கம் என்பார்கள். நமக்கு அங்கே செல்போன்தான் தொங்குகிறது. இருந்தாலும் குதிரைகள் அப்படியே பழகிவிட்டன.)

ஏறிய பிறகு குதிகால் கீழே, பார்வை தூரத்தில். கடிவாளத்தை பஸ் கம்பி மாதிரி பிடித்துத் தொங்காதீர்கள். அந்தப் பக்க முனை ஒரு ஜீவனின் வாயில் இருக்கிறது. மேடு ஏறும்போது முன்னால் சாயுங்கள், இறங்கும்போது லேசாகப் பின்னால். ஓட விட வேண்டும் என்ற ஆசையை சினிமாவோடு விட்டு விடுங்கள். முன்னால் போகிற வழிகாட்டியின் குதிரை எங்கே கால் வைக்கிறதோ, அங்கேயே உங்கள் குதிரையும் கால் வைக்கும். புதைமணல் எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் வேலை, குறுக்கே புகுந்து யோசனை சொல்லாமல் இருப்பது.

ட்ரோன் பறக்க விடக் கூடாது. மனிதர்களையும் வீடுகளையும் படமெடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக் கொல்லையில் நீங்கள் துணி துவைக்கும்போது, குதிரையில் நாலு பேர் வந்து நின்று 'க்ளிக்' பண்ணினால் எப்படி இருக்கும்?

திரும்பி வந்து இறங்கினதும் கால் இரண்டும் வளைந்து அடைப்புக்குறி மாதிரி நிற்கும். பயப்பட வேண்டாம், இரண்டு நாளில் நேராகிவிடும். முதலில் குதிரை தண்ணீர் குடிக்கட்டும். அதற்கு வழி விட்டுத் தள்ளி நில்லுங்கள். வழிகாட்டியின் கையில் பணத்தைக் கொடுக்கும்போது 'அஹேஹே' என்று சொல்லுங்கள். நவஹோ மொழியில் 'நன்றி' என்று அர்த்தம். உச்சரிப்பு தப்பாகத்தான் வரும். அவர் சிரிப்பார்.

சின்லியில் பீச் பழம் எங்கேயாவது விற்றால், பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்குங்கள்.